குணமாகாத நோயுள்ள பிள்ளையை வன்னியில் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கலாமா?

புற்றுநோய்ச் சிகிச்சை இனிப் பயன்தராது என்றான பின், ஏழு வயது மகளை ஒட்டுசுட்டானிலுள்ள வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கலாம், ஆனால் வலி மருந்துக்கு ஒழுங்கு செய்யாமல் அழைத்து வராதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2012ஆம் ஆண்டுச் சிறுவர் வலி வழிகாட்டி, கடும் வலிக்கு மோர்ஃபினையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. அது ஆயுளைக் குறைக்கும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக உண்டு. வைத்தியர் எடைக்கேற்பக் கணித்த அளவை, பிள்ளை அழும்வரை காத்திராமல் நேரந்தவறாது கொடுத்தால் அப்படி நேராது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். உணவைத் திணிக்க வேண்டாம். உதடு காய்ந்தால் நனைத்த பஞ்சால் ஒற்றிவிடுங்கள். இரவில் வாகனம் கிடைப்பது அரிதாகையால், வலி மீறினால் கொடுக்கவேண்டிய மேலதிக அளவையும் அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். "நான் சாகப்போறேனா அம்மா?" என்று மகள் கேட்டால் பேச்சை மாற்றாமல், அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பதை முதலில் கேளுங்கள்.