அவனை அடித்து எழுப்பாதீர்கள்

அன்புள்ள ஐயா,

கொரோனா ஊரடங்கு வந்தபோது என் மகன் ஐந்தாம் வகுப்பு. நள்ளிரவு தாண்டி விழித்திருக்கும் பழக்கம் அப்போது வந்தது. இப்போது பதினொன்றாம் வகுப்பு, இன்னும் மாறவில்லை. காலை ஐந்தரை மணி டியூஷனுக்கு அடித்துத்தான் எழுப்புகிறேன். தூக்கம் வர மெலடோனின் மாத்திரை கொடுக்கலாமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊரடங்கு நாட்களின் தூக்கத்தைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு சிறுமி இருந்தாள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுபவர். வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட்போன் அவரோடு போய்விடும். இரவு அவர் வந்த பிறகுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தை நோட்டில் எழுதி, படமெடுத்து அனுப்பி முடிக்க நள்ளிரவாகிவிடும். விடிந்தால் “பகலெல்லாம் தூங்குகிறாள்” என்று வசவு. அந்தக் குழந்தை வேறு எப்போதுதான் தூங்குவாள்?

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதங்கள் மணியோசை இல்லை, விளையாட்டு இல்லை. உடலின் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம், அதுவும் கிடைக்கவில்லை. சின்னக் குழந்தைகள் பலர் தனியே படுக்கப் பயந்தார்கள். பதின்ம வயதினரோ தாமதமாகப் படுத்தாலும், மொத்தத்தில் முன்பைவிட அதிக நேரம் தூங்கினார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. எழுப்ப ஆளில்லை, அதனால் தூங்கினார்கள்! அதுவரை அவர்களைத் தூங்கவிடாதது யார்?

பருவ வயதில், தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே இரவில் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குக் கண் சொருகாதது அவன் திமிர் அல்ல, அவன் உடல். அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்து மணிக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதுக்குள் உறங்க வேண்டும். எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையால் முடியும்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இலேயே எட்டரைக்கு முன் பள்ளியைத் தொடங்காதீர்கள் என்றது. நாம் விடியுமுன் டியூஷன் வைத்துவிட்டு, தூங்கி வழிகிறான் என்று அடிக்கிறோம். எல்லாப் பழியையும் கொரோனாவின் தலையில் போடாதீர்கள் அம்மா.

அந்த டியூஷனை மாலைக்கு மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் நிறுத்திவிடுங்கள். காலையில் அவனை அரைமணி நேரம் வெயிலில் நடக்கவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.