முகத்தை மறைத்தால் போதுமா?

கேள்வி: தர்மபுரியில் இதழியல் படிக்கிறேன். அடுத்த மாதம் ஒரு செய்தி சேனலுக்குப் பயிற்சிக்குப் போகிறேன். ஊடகச் சட்டப் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். களத்தில் அது கைகொடுக்குமா?
(மாணவி, பாலக்கோடு)

பதில்: படித்தது வீண் போகாது. ஆனால் கேமராவைத் தூக்கியதும் பிரிவு எண் ஞாபகம் வராது. கண் பழகியிருந்தால்தான் உண்டு. என் கண் பழகாத காலத்தில் ஒரு சிறுமிதான் அதற்கு விலை கொடுத்தாள்.

நான் மாவட்ட நிருபராக இருந்தபோது, ஒரு மலையடிக் கிராமத்தில் பதினோராம் வகுப்புப் பெண்ணின் கல்யாணத்தை அதிகாரிகள் நிறுத்தினார்கள். ஓடிப்போய் விஷுவல் எடுத்தேன். பெயர் சொல்லவில்லை, முகத்தை அலுவலகச் செய்தி டெஸ்க்கில் மங்கலாக்கினார்கள். சரியாகச் செய்துவிட்டோம் என்றே நினைத்தேன். மறுநாள் அவளுடைய டீச்சர் போன் செய்தார். வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டதாம், பிள்ளை பள்ளிக்கே வரவில்லையாம். திரும்பப் போட்டுப் பார்த்தேன். வாசலில் அவளுடைய சைக்கிள். அரசு கொடுக்கிற சைக்கிள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஹேண்டில் பாரில் சுற்றியிருந்த மஞ்சள் ரிப்பன் மட்டும் அவளுடையது. மூன்று விநாடிதான் திரையில் இருந்தது. அது போதுமாக இருந்தது.

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ஐ மறுபடி எடுத்துப் படியுங்கள். பெயர், முகவரி, பள்ளி என்று சொல்லிவிட்டு, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் கூடாது என்கிறது. அந்த 'வேறு எந்த விவரமும்' என்பதில்தான் மஞ்சள் ரிப்பன் வருகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 23 இன்னும் விரிவானது. குடும்ப விவரம், வசிக்கும் பகுதிகூடச் சொல்லக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொறுப்பு உங்களோடு நிற்காது, சேனல் உரிமையாளருக்கும் உண்டு.

என் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன். எடுத்த விஷுவலைச் சத்தமில்லாமல் ஓட்டி, 'இவளுடைய பக்கத்து வீட்டு அக்கா எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்?' என்று எழுதச் சொல்வேன். கதவின் நிறம், முருங்கை மரம், கோயில் கோபுரம் எல்லாம் வரும். அப்புறம் படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்க வேண்டும். அம்மாவின் பைட்டில் (பேட்டித் துண்டில்) முகம் இல்லாவிட்டாலும் குரல் இருக்கிறதே! தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் வீடுகளில், குரலை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். குரலை மாற்றுங்கள், இல்லையென்றால் அவர் சொன்னதை நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்குப் பதில் மலைப்பாதையைக் காட்டலாம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐத் திரையில் போடலாம். செய்தி ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: கைதானவரை ஸ்க்ரோலில் (திரையின் அடியில் ஓடும் செய்தி வரியில்) 'குற்றவாளி' என்று போடலாமா?
(வாசகர், ஊத்தங்கரை)

பதில்: கூடாது. நம் அரூர் பக்கத்து வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மலைவாழ் மக்களின் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய கொடுமை நடந்தது 1992 ஜூனில். தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. 269 பேர் மீது வழக்கு, 54 பேர் இடையிலேயே இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று அன்றுதான் நீதிமன்றம் சொன்னது. அத்தனை பெரிய அநியாயத்திலேயே, தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்கள்' என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அவதூறு வழக்கு வந்து நின்றால், 'அவசரத்தில் டைப் அடித்துவிட்டோம்' என்பது அங்கே எடுபடாது. 'கைது செய்யப்பட்டவர்' என்று போடுங்கள். அதற்கு ஸ்க்ரோலில் இடம் இருக்கிறது.

கேள்வி: வாசிக்கும்போது ல, ள, ழ குழறுகிறது.
(மாணவர், ஓசூர்)

பதில்: தினமும் ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்துப் போனில் பதிவு செய்து கேளுங்கள், தம்பி. இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும். கூடவே கெலமங்கலம், அஞ்செட்டி, பாப்பிரெட்டிப்பட்டி என்று ஊர்ப் பெயர்களையும் அந்தந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுச் சொல்லிப் பழகுங்கள்.