நாலு அவுன்ஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போன வாரக் குறிப்பில் "சனிக்கிழமை பாஸ் மீன் பிடிக்கும் போட்டிக்குப் போய் வந்தேன், முதுகு போய்விட்டது" என்று ஒரே வரி எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு அந்த வரி தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. நான் திருவாரூர்ப் பக்கம். சின்ன வயதில் வாய்க்காலில் தூண்டில் போட்டவன். கிடைத்தது குழம்புக்குப் போகும், அவ்வளவுதான். நீங்கள் போன மாதிரிப் போட்டிகளை யூடியூபில் பார்த்தேன். மீனை நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏரியிலேயே விடுகிறார்கள். விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்? பசிக்குப் பிடித்தால் புரிகிறது. உதட்டில் முள் ஏற்றி, எடை போட்டு, கைதட்டி, அப்புறம் விடுவது இரக்கமா, வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கா? நீங்கள் எப்படி அதில் போய் உட்கார்ந்தீர்கள்? இன்னொன்று, அந்த மீனை யாருமே தின்பதில்லையா? என்ன ருசி?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

எப்படிப் போய் உட்கார்ந்தேன் என்பதற்குப் பதில் சுலபம். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்களின் கிளப் ஒன்றில் இருக்கிறார், அதில் இருபது சொச்சம் பேர். மாதம் ஒரு சனிக்கிழமை போட்டி. படகு உள்ளவரோடு படகில்லாத ஒருவரைச் சீட்டுக் குலுக்கிச் சேர்த்துவிடுவார்கள். அன்று ஓர் ஆள் குறைந்தது. சீட்டில் நான் போய் விழுந்தது லாரி மெக்கானிக் ஒருவரின் படகில். நாள் முழுக்க அவர் பேசியதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

இடம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே லேனியர் ஏரி. ஏரி என்று பெயரே தவிர அது அணைத் தண்ணீர். சாட்டஹூச்சி ஆற்றை மறித்துக் கட்டிய பியூஃபோர்ட் அணை 1956-ல் முடிந்தது. சுமார் 38,000 ஏக்கர். ஏரிக்கு வைத்திருப்பது சிட்னி லேனியர் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஜார்ஜியக் கவிஞரின் பெயர். இந்த ஆற்றைப் பற்றியே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். யார் தடுத்தாலும் சமவெளிக்கு ஓடியே தீருவேன் என்று ஆறு சொல்கிற கவிதை. அதே ஆற்றை நிறுத்திவைத்த இடத்துக்கு அவர் பெயர்! கவிஞர்களுக்கு அரசாங்கங்கள் செய்யும் மரியாதை எல்லா ஊரிலும் இப்படித்தான் போல.

அங்கே எல்லாரும் துரத்தும் 'ஸ்பாட்' என்ற புள்ளி பாஸும் அந்த ஆற்றுக்குச் சொந்த மீன் இல்லை, வெளியிலிருந்து வந்தது. ஆற்றோடு பிறந்த ஷோல் பாஸுக்குப் பாறையில் புரண்டு ஓடும் தண்ணீர் வேண்டும். அணைக்குள் அதற்கு என்ன வேலை?

விடியுமுன் படகுத்துறையில் முதல் வேலை, ஒவ்வொரு படகிலும் மீன்தொட்டி காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது. 'லைவ்வெல்' என்பார்கள், பம்பு வைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கும் தொட்டி. முந்தின நாளே பிடித்த மீனை ஒளித்துக் கொண்டுவரக் கூடாதல்லவா. அப்புறம் வெளிச்சம் வந்ததும் சீட்டு எண் வரிசையில் ஒவ்வொரு படகாகக் கிளம்பும். மெக்கானிக் என்னைப் பார்த்து, "தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொள்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தொப்பி ஏரியில் இருந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் திறந்த படகில் போனால் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடும். என் முதுகு போனதும் அங்கேதான்.

மே மாதம். ஹெர்ரிங் என்ற பொடிமீன் முட்டையிடக் கரையோரம் வரும், அதைத் தின்ன பாஸ் வரும். படகின் முன்னால் நிற்பவர் கால் மிதியால் சின்ன மோட்டாரை ஓட்டிக்கொண்டு நல்ல இடங்களில் எல்லாம் முதலில் வீசுவார். பின்னால் இருப்பவனுக்கு அவர் விட்ட மிச்சம். ஒன்பது மணிக்கு மேல் அவர் திரையைப் பார்க்க ஆரம்பித்தார். இப்போது வரும் சோனாரில், அதாவது ஒலியலையால் தண்ணீருக்கடியைத் திரையில் காட்டும் கருவியில், மரக்கிளைக்குப் பக்கத்தில் நிற்கும் மீனும் தெரிகிறது, அதை நோக்கி இறங்கும் பொய் இரையும் தெரிகிறது, மீன் திரும்பிப் பார்ப்பதும் தெரிகிறது. அணை கட்டியபோது ஆழத்தில் வெட்டாமல் விட்ட மரங்கள் இன்னும் அடியில் நிற்கின்றன. அந்தத் திரையில் முழுகிப்போன காட்டைப் பார்த்தபோது எனக்கு மீன் மறந்துவிட்டது. அவருக்கு மறக்கவில்லை. என் கட்சி, திரையைப் பிடுங்கிவிட்டால் இந்த விளையாட்டு இன்னும் நன்றாக இருக்கும். கிளப்பில் பாதிப்பேர் இதையேதான் சொல்கிறார்கள், திரையைப் பார்த்துக்கொண்டே.

கணக்கு ஆளுக்கு ஐந்து மீன். எங்கள் போட்டியில் 14 அங்குலத்துக்குக் குறைந்தது சேர்த்தியில்லை. ஆறாவதாகப் பெரிய மீன் வந்தால் இருப்பதில் சின்னதை விட்டுவிடலாம். எது சின்னது? கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்கு ஒரு சின்னத் துலாக்கோல் வைத்திருக்கிறார்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மீனைத் தொங்கவிட்டு நடுவில் பிடித்தால் கனத்தது சாயும். நம் பக்கத்துச் சந்தைகளில் பழைய தராசுகள் போய்ச் சேர்ந்துவிட்டன, இங்கே படகில் ஒன்று தொங்குகிறது. அதை அவர் உயர்த்திப் பிடித்தபோது இரண்டு மீனும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு மெல்ல ஆடின. உங்கள் கேள்வி அந்த நேரத்தில் எனக்கும் வந்தது.

பதினோரு மணிவாக்கில் எனக்கும் ஒன்று மாட்டியது. 15 அங்குலம். கீழ் உதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினால் மீன் அசையாமல் இருக்கும்; பல் உப்புத்தாள் மாதிரி விரலைச் சுரண்டும். ஃபோட்டோவுக்காகக் கொஞ்சம் அதிக நேரமே பிடித்திருந்தேன். பிறகு என் தொட்டியில் போட்டேன். படகில் ஆளுக்கொரு தொட்டி, தொட்டிக்கொரு சுவிட்ச். வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. பம்பு இரைச்சலில் காது கேட்கவில்லை என்று என் சுவிட்சை அணைத்தேன். பேசி முடித்தேன். போட மறந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு மூடியைத் திறந்தால் மீன் வயிறு மேலே தெரிய மிதக்கிறது. மெக்கானிக் எட்டிப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

கரையில் எடை போடுபவர் செவுளை விலக்கிப் பார்த்துவிட்டு, "செத்தது, ஒன்று" என்று உரக்கச் சொன்னார். எடை 2.31 பவுண்டு. செத்த மீனுக்கு அபராதம் கால் பவுண்டு, அதாவது நாலு அவுன்ஸ். என் கணக்கு 2.06. வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டார்கள். செத்த மீனோடு வருவது அங்கே ஒரு மாதிரி மானக்கேடு. வெறுங்கையோடு வந்த மூன்று பேர் என்னைவிட நிமிர்ந்து நின்றார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரக்கமா என்றால், இல்லை. "நாங்கள் மீனை நேசிக்கிறோம்" என்று டீ-ஷர்ட்டில் போட்டுக்கொள்வதை நான் நம்பவில்லை. அந்த நாலு அவுன்ஸை நம்புகிறேன். வெயில் காலத்தில் தொட்டியில் ஐஸ் பாட்டில் போடுவதும், ஆழத்திலிருந்து வந்து காற்றுப்பை உப்பிய மீனுக்கு ஊசி குத்திக் காற்றை இறக்குவதும் எடை குறையக் கூடாதென்றுதான். ஆனால் அதனால் மீன் பிழைக்கிறது.

இந்த வழக்கத்துக்கு வயதும் அதிகமில்லை. ரே ஸ்காட் என்ற அலபாமா இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் 1967-ல் ஆர்கன்ஸாவின் பீவர் ஏரியில் 106 பேரைச் சேர்த்து ஒரு போட்டி வைத்தார். இந்தத் தொழில்முறைப் போட்டிகளுக்கெல்லாம் மூலம் அதுதான். அப்போது மீனைக் கயிற்றில் கோத்துச் செத்த மாலையாகத்தான் கொண்டுவருவார்கள். உயிரோடு கொண்டுவந்து விடவேண்டும் என்று அவர் மாற்றியது 1972-ல். கரையில் குவிந்த செத்த மீனைப் படம் எடுத்துப் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்பது பாலிசி விற்கிறவருக்குத் தெரியாதா?

விட்ட மீனெல்லாம் பிழைத்துவிடுவதும் இல்லை. தண்ணீர் சூடாக இருந்தால் சில மீன்கள் சில நாள் கழித்துச் சாகும். எனக்கு மனம் ஒப்பாதது வேறொன்று. பாஸில் ஆண்தான் கூடு கட்டி முட்டையையும் குஞ்சையும் காக்கும். நம் விரால் குஞ்சுக்கூட்டத்தோடு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. அதைக் கூட்டிலிருந்து தூக்கி ஏழு மணி நேரம் தொட்டியில் வைத்து, பத்து மைல் தள்ளி விட்டால் கூடு என்னாகும்? வேறு மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். நாங்கள் போனபோது முட்டைக் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்றார்கள். 'பெரும்பாலும்' என்றார்கள்.

விடுவதே எல்லா ஊரிலும் தர்மம் என்றும் நினைக்காதீர்கள். ஜப்பானில் பாஸின் இன்னொரு வகையான பெரியவாய் பாஸ், வெளியிலிருந்து வந்து உள்ளூர் மீனைத் தின்னும் பகை. பிவா ஏரியில் பிடித்ததைத் திரும்ப விடக்கூடாது என்று 2003 முதல் விதி. அந்த ஏரியில்தான் மனாபு குரிட்டா 2009-ல் 10 கிலோவுக்கு மேல் ஒன்றைப் பிடித்து, 77 வருடம் அசையாமல் இருந்த உலக சாதனையைச் சமன் செய்தார்.

அந்தப் பழைய சாதனை ஜார்ஜியாவுடையது. 1932 ஜூன் 2, ஜார்ஜ் பெர்ரி என்பவர், 22 பவுண்டு 4 அவுன்ஸ். மீனை என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு தின்றார். பெரும் பொருளாதார மந்தக் காலம், 22 பவுண்டு மீன். நீங்கள் திருவாரூரில் செய்ததைத்தான் அவரும் செய்தார்.

நானும் அதைத்தான் செய்தேன். செத்ததை ஏரியில் போடக்கூடாது என்று மெக்கானிக் ஒரு பழைய ரொட்டிப் பையில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் தோலை உரித்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை தடவிப் பொரித்தோம். வெள்ளைச் சதை, முள் குறைவு, பாளம் பாளமாகப் பிரிகிறது. விராலில் இருக்கும் அந்த அழுத்தம் இல்லை, சேற்று வாடையும் இல்லை. குழம்புக்குத் தாங்காது, கரைந்துவிடும் என்பது மனைவியின் தீர்ப்பு. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு துண்டு கொடுத்தனுப்பினோம். முப்பது வருடமாகப் பாஸ் பிடிக்கிறவர், தின்று இருபது வருடம் ஆகிறதாம். மசாலாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். தொப்பி வாங்கியாயிற்று, இந்த முறை கயிறு வைத்தது.