வாள்வீச்சுக் கையுறை: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என மூன்று வகை வாள் உண்டு. அதில் பல வருடம் எப்பே ஆடியவன் நான். இப்போது ஆடுவது குறைவு, பிள்ளைகளின் வாளையும் உடுப்பையும் பழுது பார்ப்பதுதான் அதிகம். அதனால் எந்தக் கையுறை எங்கே கிழிகிறது என்பது கொஞ்சம் அத்துப்படி. கேளுங்கள்.

மகளுக்கு 11 வயது. பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய வீடியோவைப் பார்த்துவிட்டு சேபர்தான் வேண்டும் என்கிறாள். கையுறை ஜோடியாக வாங்க வேண்டுமா சார்?

ஒற்றைதான். வாள் பிடிக்கும் கைக்கு மட்டும் போட்டால் போதும். சேபரில் ஒரு செலவு கூடுதலாக வரும். அங்கே முன்கையும் வெட்டு விழும் இடம் என்பதால், வெட்டு பட்டதைக் காட்டும் மின்சாரப் பெட்டி வைத்து ஆடும்போது கையுறையின் மணிக்கட்டுப் பகுதி மின்சாரம் கடத்த வேண்டும். உலோக இழை சேர்த்தே தைத்த சேபர் கையுறை கிடைக்கிறது. வளரும் பிள்ளைக்கு அதை இப்போதே வாங்காதீர்கள். மூன்று வாளுக்கும் பொதுவான சாதாரணக் கையுறை ஒன்று, அதன் மணிக்கட்டுப் பகுதிக்கு மேலே மாட்டும் உலோக இழை உறை (கஃப்) தனியாக ஒன்று, இப்படி வாங்குங்கள். விரல் நீண்டதும் கையுறை மட்டும்தான் மாறும். பின்னாளில் சர்வதேசப் போட்டிக்குப் போனால் 800 நியூட்டன் விசையில் குத்தினாலும் துளைபடாமல் தாங்கும் சேபர் கையுறை கேட்பார்கள். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பைக் ஓட்டும் கையுறை வீட்டில் சும்மா கிடக்கிறது. பயிற்சிக்குப் போட்டுக்கொள்ளலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. வாள்வீச்சுக் கையுறை முன்கையில் பாதி வரை ஏறி, சட்டைக் கையின் மேல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் எதிராளியின் வாள் சட்டைக் கைக்குள் புகுந்துவிடும். கிரிக்கெட் கையுறைக்கும் இதே பதில்தான்.

சென்னை வியர்வையில் பத்தே நிமிடத்தில் கைப்பிடி வழுக்குகிறது. பிடிப்பு நன்றாக இருக்கும் கையுறை எது?

முதலில் உங்கள் கையுறை பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வழுக்குகிறது என்று வருபவர்களில் நிறையப் பேருக்குக் குறை அளவில்தான். கைப்பிடியை இறுக்கும்போது உள்ளங்கையில் துணி மடிந்தால், அந்த மடிப்புதான் வழுக்குகிறது.

அளவு சரி என்றால் அடுத்தது உள்ளங்கைத் துணி. ரப்பர் புள்ளி வைத்தவை கடையில் தொடும்போது அபாரமாகப் பிடிக்கும். ஆனால் மலிவான ரகத்தில் புள்ளிகள் உதிர்ந்துவிடும், பிறகு வெறும் துணிதான் மிச்சம். நல்ல தோலில் கைப்பிடியின் உணர்வு அருமையாக இருக்கும். வியர்வையில் நனைந்து நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும் என்பதுதான் சிக்கல். நம் ஊர் வெக்கைக்கு நான் சொல்வது, மெல்லிய செயற்கை சுவேட் (மென்தோல் போன்ற துணி) உள்ளங்கை. துவைக்கலாம், விலையும் கட்டுப்படியாகும்.

விலை உயர்ந்த ஒன்றை விட, நடுத்தரமான இரண்டை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது என் வழக்கம். ஒன்று ஈரமானால் பையில் அடுத்தது இருக்கும். ஃபிரெஞ்சுக் கைப்பிடி (நேராக நீளும் ரகம்) வைத்திருந்தால் பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

ஆன்லைனில் வாங்கும்போது அளவு எப்படி எடுப்பது?

கட்டை விரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளுக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி டேப் வையுங்கள். 8 அங்குலம் வந்தால் பெரும்பாலும் 8-ஆம் எண். சில கம்பெனிகள் எழுத்தில் போடுவார்கள், அவர்களின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் சிறியதை எடுங்கள், போடப் போட இளகும். பிள்ளைகளுக்கு மட்டும் பெரியது.

ஃபாயில் ஆடுகிறேன். ஆறு மாதத்தில் ஆள்காட்டி விரல் பக்கம் ஓட்டை. மட்டமான சரக்கா?

இருக்கலாம். ஆனால் நீங்கள் கைப்பிடியை நெரிக்கிறீர்களோ என்றுதான் எனக்குச் சந்தேகம். விரல் முட்டி, கையைக் காக்கும் வாள் கிண்ணத்துக்குள் இருக்கும் மெத்தையோடு ஓயாமல் உரசினால் எந்தத் துணியும் அங்கேதான் தேயும். விலை கூடிய கையுறை கொஞ்ச நாள் கூடத் தாங்கும், அவ்வளவுதான். பயிற்சியாளரிடம் பிடியைக் காட்டுங்கள். அடுத்த முறை அந்த இடத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

தையல் பிரிந்தால் தைத்துக்கொள்ளலாம். புறங்கையிலோ மணிக்கட்டிலோ ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடாதீர்கள், வாள் முனை நுழையும் இடம் அது. எப்பேயில் கையும் இலக்கு, அதனால் எப்பே ஆடுபவர்கள் புறங்கை மெத்தையையும் பார்த்து வாங்க வேண்டும்.

வாஷிங் மெஷினில் போடலாமா?

என் முதல் கையுறை தோல். சோப்புத் தூள் போட்டுத் துவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டேன். மாலையில் அப்பளம் மாதிரி இருந்தது. செயற்கைத் துணியைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, நிழலில் காற்றாடக் காயவிடுங்கள். உலோக இழைக் கஃப்பை முறுக்கிப் பிழியவே கூடாது, இழை அறுந்தால் மின்சாரம் கடத்தாது. வியர்வை உப்பும் அதை அரிக்கும், ஆடி முடித்ததும் பைக்குள் திணிக்காதீர்கள்.

எனக்கு இடது கை. கடைக்காரர் வலது கைக் கையுறையையே திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்.

உள்ளங்கைத் துணி புறங்கைக்கும், மெத்தை உள்ளங்கைக்கும் வந்துவிடும். வாளை மின்சாரப் பெட்டியோடு இணைக்க உடுப்புக்குள் ஓடும் பாடி வயர் நுழையும் திறப்பும் தப்பான பக்கம் போகும். வேறு கடை பாருங்கள். இடது கைச் சரக்கு கிடைக்கும்போது இரண்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை போகும்போது இருக்காது.