மேர்ஜ் செய்யாத கிளையை அழித்துவிட்டால் மீட்கலாமா?

யாழ்ப்பாணத்தில் நாலு பேர் சேர்ந்து, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிற் (Git) மென்பொருளில் எழுதுகிற திட்டம். மேர்ஜ் செய்யாத, அதாவது மற்றக் கிளையோடு இணைக்காத கிளையை 'கிற் பிராஞ்ச்' (git branch) கட்டளையில் பெரிய 'டி' (-D) போட்டு அழித்துவிட்டீர்கள். பயப்படாதேங்கோ. கிற்றில் கிளை என்பது ஒரு கொமிற்றை, அதாவது சேமித்து வைத்த மாற்றத்தைக் காட்டும் பெயர்தான். பெயர் போனாலும் கொமிற் உடனே அழியாது.

அதே கணினியில் 'கிற் ரெஃப்லொக்' (git reflog) அடித்து, அந்தக் கிளையில் கடைசியாகச் செய்த கொமிற்றின் ஹாஷை, அதாவது அதன் அடையாளக் குறியீட்டைக் கண்டுபிடியுங்கோ. பிறகு 'கிற் பிராஞ்ச்', கிளையின் பெயர், அந்த ஹாஷ் மூன்றையும் ஒரே வரியில் இடைவெளி விட்டு அடித்தால் கிளை திரும்பி வரும். எந்தக் கிளையிலும் சேராத கொமிற்றுகளின் ரெஃப்லொக் பதிவு இயல்பான அமைப்பில் 30 நாள் வரைதான், இன்றைக்கே செய்யுங்கோ. புதிதாகக் குளோன் செய்த பிரதியில் இந்தப் பதிவு இராது, ஆகவே பழைய கோப்புறையை அழிக்கவே வேண்டாம். கொமிற் செய்யாத மாற்றங்களை இந்த வழியால் மீட்கேலாது.

இனிமேல் சின்ன 'டி' (-d) போடுங்கோ: மேர்ஜோ புஷ்ஷோ (சேர்வருக்கு அனுப்புவது) ஆகாத கிளையை அழிக்கக் கிற் மறுத்துவிடும்.