கொழும்பில் சின்ன வளவில் நிற்கும் மரக்கட்டையைக் குறைந்த செலவில் தோண்டி எடுப்பது எப்படி?

எந்த மரம் என்று நீங்கள் எழுதவில்லை. வளவு சின்னது, கையில் காசு குறைவு, மரம் வெட்டியவர்கள் அடிக்கட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று மட்டும் இருக்கிறது. கொழும்பு என்றபடியால் மா அல்லது தென்னை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தெஹிவளையில் எங்கள் வீட்டில் நின்றது மா. 2022, எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற காலம். மரம் மதில் பக்கம் சாய்ந்ததால் வெட்டினோம். வெட்ட வந்தவர் தண்டையும் கிளைகளையும் ஏற்றிக்கொண்டு, கட்டையைத் தோண்ட அதைவிடக் கூடுதலாகக் கூலி கேட்டார். வீட்டில் ஆம்பிளை இல்லை என்று தெரிந்துதான் அப்படிக் கேட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். எல்லாரும் அப்படியில்லை, அதுவும் தெரியும். யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) பிடிக்கலாமே என்பவர்களுக்கு: எங்கள் ஒழுங்கையில் ஆட்டோ திரும்பவே கஷ்டம், டீசலும் இல்லாத நேரம்.

நானும் என் பெறாமகனும்தான் எடுத்தோம். அலவாங்கு, மண்வெட்டி, கோடாலி, பழைய கைவாள், கயிறு. வேறொன்றும் வாங்கவில்லை. மரம் வெட்டும்போதே, "தரையோடு வெட்டாதீங்க, நெஞ்சளவு விடுங்க" என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். அந்த உயரம் இருந்தால்தான் பிடித்து ஆட்டலாம். உங்களுடையதைத் தரையோடு வெட்டிவிட்டார்கள் என்றால் கூடுதலாகத் தோண்ட வேண்டிவரும், அவ்வளவுதான்.

எங்கள் மண் கபுக் (செம்பூரான்கல்) கலந்தது. காய்ந்திருந்தால் அலவாங்கு துள்ளும். இரவில் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் காலையில் இளகும். கட்டையைச் சுற்றி ஒரு கை நீளம் தள்ளித் தோண்டி, வேர் தெரிந்ததும் குழாய்த் தண்ணீரால் மண்ணைக் கழுவுங்கள். கழுவாமல் வெட்டினால் கல்லில் பட்டுக் கோடாலியின் வாய் போய்விடும். ஒவ்வொரு வேரையும் இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை எடுத்துவிட வேண்டும். ஒரே வெட்டோடு விட்டால் அலவாங்கு நுழைய இடமிருக்காது. தண்ணீர்க் குழாய் போகும் பக்கம் கோடாலியே வேண்டாம், வாளால் அறுங்கள். மதிலுக்கு அடியில் போன வேரை நாங்கள் இழுக்கவில்லை; மதிலோரமாக அறுத்துவிட்டு அப்படியே விட்டோம்.

பக்கவேர்கள் போன பிறகு கட்டையின் தலையில் கயிறு கட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி இழுத்தோம். அடியில் ஆணிவேர் நெறுநெறுவென்றது. சாய்த்துப் பிடித்துக்கொண்டு பெறாமகன் அதையும் அறுத்தான். பிளந்து காயவைத்த துண்டுகளில்தான் அப்புறம் சமையல். பச்சையாக எரித்தால் வெறும் புகைதான்.

இணையத்தில் எல்லாரும் கட்டை கெதியாக உக்கத் துளை போட்டு பொட்டாசியம் நைத்திரேற்று கொட்டச் சொல்கிறார்கள். அதாவது வெடியுப்பு. கொழும்பில் ஒரு தமிழர், கடையில் போய் வெடியுப்புக் கேட்டால் என்ன பார்வை பார்ப்பார்கள் என்று அதை எழுதுகிறவர்களுக்குத் தெரியுமா? போர்க்காலத்தில், வெடிமருந்து செய்யலாம் என்று யாழ்ப்பாணத்துக்கு யூரியாப் பசளை கொண்டுபோகவே தடை. தோட்டத்துக்குப் பசளை இல்லாமல் எங்கள் அப்பா பட்ட பாடு எனக்கு மறக்காது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோதுதான் நாடு முழுக்க அந்தக் கஷ்டம் பேச்சானது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவசரம் இல்லையென்றால் மாங்கட்டைக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். துளிர் வரவர ஒடித்துவிட்டு, மண்ணும் குப்பை எருவும் போட்டு மூடி ஈரமாக வைத்திருங்கள். சில வருடத்தில் உக்கிவிடும். தென்னை என்றால் அப்படி விடக்கூடாது. உக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பக்கத்துத் தென்னைகள் கெட்டுப்போகும். ஆணிவேர் இல்லாததால் தோண்டுவதும் மாவைவிடச் சுகம். பலாவோ ஈரப்பலாவோ என்றால், 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி வெட்டவே அனுமதி வேண்டும். எடுத்த அனுமதிக் கடிதத்தைக் கவனமாக வைத்திருங்கள்.

எந்த மரமானாலும் குழியைத் திறந்து விடாதீர்கள். ஒரு மழைக்கே தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு வந்துவிடும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்குத்தான். மண் பிறகு இறங்கும் என்பதால் தரைமட்டத்துக்கு மேலே ஒரு சாண் குவித்து மூடுங்கள்.