கடல் மிதவை உயிரிகளின் பரிணாம வேகத்தை மரபணு ஒரு விதமாகவும் புதைபடிவம் வேறு விதமாகவும் சொன்னால் எதை நம்புவது?

கேட்டவர் எம்.எஸ்சி. கடைசி வருடம் என்று நினைக்கிறேன். வைவா நெருங்கும்போதுதான் இப்படியெல்லாம் தோன்றும். எனக்கு வைவா முடிந்த பிறகுதான் தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் பக்கம், இப்போது டியூஷன் எடுக்கிறேன். அப்பா வள்ளத்தில் போகிறவர். ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது ஃபொராமினிஃபெரா. ஒற்றைச் செல் உயிர்தான், ஆனால் சுண்ணாம்பில் ஓடு கட்டிக்கொள்ளும். கரை மணலை அள்ளி வந்து கழுவிக் காயவைத்து, நுண்ணோக்கிக்குக் கீழே பரப்பி, மெல்லிய பிரஷ்ஷை ஈரமாக்கி ஒவ்வொரு ஓடாகத் தொட்டு எடுப்பேன். எங்கள் மணலில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு; அதற்கு நடுவே குட்டி நத்தை மாதிரி வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். இரண்டு மாதத்தில் 62 ஓடு. அட்டையில் ஒட்டி அப்பாவிடம் காட்டினேன். "இதுக்கா மக்களே ரெண்டு வருசம் படிச்ச?" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று ஜென்பேங்க் என்ற இணைய மரபணுக் களஞ்சியத்திலிருந்து ரைபோசோம் (செல்லில் புரதம் செய்கிற பகுதி) ஜீன் வரிசைகளை இறக்கி, மூலக்கூறு கடிகாரமும் போட்டேன். இரண்டு இனங்களுக்கு இடையில் எத்தனை டி.என்.ஏ. எழுத்து மாறியிருக்கிறது, மாறும் வேகம் எவ்வளவு, வகுத்தால் பிரிந்த காலம். வேகத்தைக் கடலடியில் தவழும் இனங்களுக்குப் போட்ட ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து, மிதக்கிற இனங்களுக்கும் அதையே வைத்து வகுத்தேன். விடை 454 கோடி ஆண்டுக்கு மேலே போய்விட்டது. பூமியின் வயதே அவ்வளவுதான்! சைபர் எங்கோ கூடிவிட்டது என்று மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்த வரியை மட்டும் அட்டவணையிலிருந்து தூக்கிவிட்டேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அட்டையைப் பார்த்ததும், "தலைப்பில் பிளாங்டன் என்று இருக்கிறது, இந்த 62-ல் ஒன்றுகூட மிதக்கிறது இல்லையே?" என்றார். அடுத்து, "மிதக்கிறதோட கணக்கு எங்கே?" உளறிவிட்டேன். அவர் சிரித்தார், பிள்ளைகளும் சிரித்தார்கள்.   

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் முழித்த இடத்தை ஜெனிவாவில் யான் பாவ்லோவ்ஸ்கி குழு 1997-லேயே எழுதிவிட்டது. மிதக்கும் ஃபொராமினிஃபெராவில் சில வம்சங்களில் ரைபோசோம் ஜீன், அடியில் வாழும் சில வம்சங்களைவிட 50 முதல் 100 மடங்கு வேகமாக மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முடிந்ததே ஓடுகளால்தான். செத்த ஓடுகள் மழை மாதிரி கடலடிக்கு இறங்கி அடுக்கடுக்காகப் படிகின்றன; இங்கே புதைபடிவம் என்பது அதுதான். 1968 முதல் கப்பலிலிருந்து துளை போட்டு அந்தச் சேற்றை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த வம்சம் எப்போது பிரிந்தது என்று சேறு சொன்ன பிறகுதான் கடிகாரம் வேகமா மெதுவா என்றே பேச முடிகிறது. கோப்பிபாட் (கண்ணுக்கு அரிதாகத் தெரியும் குட்டி இறால் மாதிரி மிதவை) போன்ற உயிர்களுக்குப் புதைபடிவம் கிடைப்பதே அபூர்வம், அங்கே இந்தச் சோதனைக்கு வழி குறைவு.

அதற்காக ஓடுகளை மட்டும் நம்பச் சொல்லவில்லை. பந்து மாதிரி இருக்கும் ஆர்புலினா யுனிவெர்சா என்ற மிதக்கும் ஃபொராமினிஃபெராவை ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தால் உள்ளே தனித்தனிக் கிளைகள். ஓடுகளை வைத்து எண்ணினால் புது இனம் வந்ததே தெரியாது, வேகம் குறைவாகத்தான் வரும். சுண்ணாம்புத் தட்டுகளைப் போர்த்திக்கொள்ளும் ஒற்றைச் செல் பாசியான எமிலியானியா ஹக்ஸ்லேயில் கதை தலைகீழ். அது தோன்றி ஏறக்குறைய 2.9 லட்சம் ஆண்டு என்று சேறு சொல்கிறது. அந்தத் தட்டுகளை வைத்தே அதன் நெருங்கிய சொந்தக்காரப் பாசியான கெஃபிரோகாப்சா ஓசியானிகாவிலிருந்து பிரித்துவிடலாம். ஆனால் 18எஸ் என்ற ரைபோசோம் ஜீனில் இரண்டுக்கும் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை. அந்த ஜீனை மட்டும் கேட்டால் இரண்டும் பிரியவே இல்லை என்றுதான் சொல்லும். ரைபோசோம் ஜீனா ஓடு கட்டுகிறது? ஜீனும் ஓடும் ஒரே வேகத்தில் மாற வேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் என் தப்பு.

இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "பரிணாமம் பொய், இவரே ஒத்துக்கொண்டார்" என்று போடப்போகிறவர்களுக்கு: வகுத்தலில் தப்புப் பண்ணியது நான், டார்வின் இல்லை. "டியூஷன் வாத்தியாருக்கு என்ன தெரியும்" என்று வருகிறவர்களுக்கு: ரிலாக்ஸ்டு கிளாக், அதாவது ஒவ்வொரு கிளைக்கும் வேறு வேகம் வைத்துக் கணக்குப் போடுகிற முறை, எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அதிலும் தேதி போட்டு ஆணி அடிக்க எங்கேயாவது ஓர் ஓடு வேண்டும்.

கேட்டவரே, எந்த உயிரிக் கூட்டம், எந்த ஜீன், வேகத்தை எதிலிருந்து எடுத்தீர்கள் என்று கமெண்டில் போடுங்கள். ஃபொராமினிஃபெரா என்றால் உட்கார்ந்து பார்க்கலாம். டயட்டம் என்றால் என்னை விட்டுவிடுங்கள், கண்ணாடி ஓடு எனக்குப் பழக்கமில்லை.